கேபிளும் போனது, தக்காளியும் போனது

உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இந்த முறை பூச்சியைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ அல்ல. அரை ஏக்கர் தக்காளி, சொட்டுநீர், ஒரே ஒரு போர். சித்திரைக் கடைசியில் ஒரு ராத்திரி, மோட்டார் ரூமிலிருந்து போர் வரைக்கும் போகிற கேபிளில் 25 மீட்டரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கேபிளின் விலை 4,200 ரூபாய், பில் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் கிடைத்து, புதுக் கேபிள் இழுத்து, மோட்டார் ஓட ஆறு நாள் ஆயிற்று. அதற்குள் பூவும் பிஞ்சுமாக நின்ற செடி வாடி, பூவெல்லாம் கொட்டிவிட்டது.

பத்தாம் நாள் ஆள் தெரிந்துவிட்டது. பழைய இரும்புக் கடையில் வேலை பார்ப்பவர் வாய்விட்டார். இரண்டு பேர், இருவருக்கும் வயது 19. அதில் ஒருவன், வாசகியின் தோட்டத்துக்குக் காய் பறிக்க வரும் அம்மாவின் மகன். சின்ன வயதிலிருந்து "அத்தை, அத்தை" என்று வந்து போனவன். செம்புக் கம்பியை உருக்கி விற்றதில் இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 900 ரூபாய்.

ஊரில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, போலீசில் எழுதிக்கொடு என்கிறது. இன்னொரு கட்சி, ஆளுக்கு 10,000 அபராதம் போடுவோம், பாதி கோயில் நோம்பிக்கு, பாதி உனக்கு. பையனும் அப்பனும் ஊர் முன்னால் காலில் விழட்டும் என்கிறது. வாசகிக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. கடிதத்தின் கடைசியில் அவர் கேட்டிருப்பது இதுதான்: "பையன் வாழ்க்கை கெடக் கூடாது. ஆனால் என் தக்காளிக்கு யார் பதில் சொல்வது?"

இதே கேள்வியைக் கனடாவில் ஒரு விவசாயச் சிற்றூர் 1974-ல் எதிர்கொண்டது. அங்கே கிடைத்த பதில் பிறகு உலகத்தின் பல நாடுகளுக்குப் போயிற்று. வாசகியின் கேள்விக்குப் போவதற்கு முன் அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஊரின் பெயர் எல்மைரா. ஒன்டாரியோ மாகாணத்தில், கிச்னர் என்ற நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. சுற்றிலும் பண்ணைகள். மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியானவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒரு பகுதியினர் இன்றைக்கும் காரை விட்டுக் குதிரை வண்டியில்தான் போய் வருகிறார்கள். வசந்த காலத் தொடக்கத்தில் மேப்பிள் மரத்தில் துளையிட்டு, வடிகிற நீரைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்கள். நம் பக்கத்துப் பதநீர் காய்ச்சும் வேலைக்கு ரொம்பத் தூரமில்லை.

1974 மே 28 இரவு, 18, 19 வயதுடைய இரண்டு பையன்கள் நன்றாகக் குடித்துவிட்டு அந்த ஊர்த் தெருக்களில் இறங்கினார்கள். கார் டயர்களைக் கத்தியால் கிழித்தார்கள். ஜன்னல் கண்ணாடிகளைக் கல்லால் உடைத்தார்கள். ஒரு வீட்டுப் படகை நடுத்தெருவுக்கு இழுத்து வந்து ஓட்டை போட்டுக் கவிழ்த்தார்கள். விடிந்தபோது 22 இடங்களில் சேதம். யார் மீதும் அவர்களுக்குப் பகை கிடையாது. ஆனால் அது டயர் கிழிந்தவருக்கு எப்படித் தெரியும்? காலையில் எழுந்து வந்து பார்க்கிறவர், நமக்கு வேண்டாதவர் யார், போன மாதம் யாரோடு வாய்த்தகராறு என்றுதான் யோசிப்பார். வேலிப் பிரச்சினை உள்ள பக்கத்துத் தோட்டக்காரரின் முகம்தான் முதலில் கண்ணில் வரும். களவு போன பொருளைவிட இந்தச் சந்தேகம் ஊரை அதிகமாகக் கெடுக்கும். கேபிள் திருட்டு நடந்த எந்த ஊரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

பையன்கள் பிடிபட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தண்டனைக்கு முன் அவர்களைப் பற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டிய பொறுப்பு மார்க் யான்ட்ஸி என்ற நன்னடத்தை அலுவலருக்கு. அவரும், மெனோனைட் சேவை அமைப்பில் வேலை பார்த்த டேவ் வொர்த்தும் சேர்ந்து ஒரு யோசனை சொன்னார்கள்: இவர்கள் நேரில் போய், சேதப்பட்ட வீட்டுக்காரர்களைப் பார்த்தால் என்ன? நீதிபதி கார்டன் மெக்கானல் முதலில், அப்படிச் செய்ய வழி இருப்பதாகத் தெரியவில்லை என்றுதான் சொன்னார். பிறகு மனம் மாறி, வழக்கை ஒரு மாதம் தள்ளிவைத்தார். அதற்குள் இருவரும் பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்து, யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்கெடுத்து வர வேண்டும் என்றார்.

அந்த ஒரு மாதத்தில்தான் கதையே இருக்கிறது. பையன்கள் வீடு வீடாகப் போனார்கள். கதவைத் தட்டி, நாங்கள்தான் செய்தோம் என்று தங்கள் வாயால் சொன்னார்கள். யான்ட்ஸியும் வொர்த்தும் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் நின்றார்கள், பேசியது பையன்கள்தான். ஊரில் இருந்த எல்லா வீட்டாரையும் பார்த்தார்கள். சிலர் அங்கேயே மன்னித்தார்கள். சிலர், இவர்களை நாலு சாத்து சாத்தினால்தான் சரிப்படும் என்கிற கோபத்தில் இருந்தார்கள். இரண்டும் நியாயம்தான்.

மொத்த சேதம் 2,200 டாலருக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய பாதியைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டன. மீதியைத்தான் பையன்கள் கட்ட வேண்டியதாயிற்று. நீதிபதி ஆளுக்கு 200 டாலர் அபராதம் போட்டார். ஆளுக்கு 550 டாலர் வரை நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லி, நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார். மூன்று மாதத்தில் அதே வீடுகளுக்கு அதே பையன்கள் திரும்பவும் போனார்கள். இந்தத் தடவை கையில் பணத்தோடு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அபராதம் அரசாங்கத்துக்குப் போயிற்று. நஷ்ட ஈடு வீட்டுக்காரருக்குப் போயிற்று. இரண்டையும் நீதிபதி ஒன்றோடொன்று கலக்கவில்லை. வாசகியின் ஊரில் போட்ட கணக்கில் இரண்டும் கலந்திருக்கின்றன. காய்ந்தது வாசகியின் தக்காளி, பாதிப் பணம் மட்டும் நோம்பிக்கு என்றால் அது எந்தக் கணக்கு?

எல்மைராவில் ஆரம்பித்த முறை கிச்னரில் ஒரு நிலையான திட்டமாயிற்று. 1978-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் எல்கார்ட் என்ற ஊருக்குப் போயிற்று. நியூசிலாந்து 1989-ல், மவோரி மக்களின் பழக்கத்தையும் உள்ளே எடுத்துக்கொண்டு, சிறுவர் குற்றங்களுக்குக் குடும்பக் கூட்டம் என்ற முறையைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. இதற்கெல்லாம் பொதுவாகச் சீரமைப்பு நீதி என்று பெயர் சொல்கிறார்கள். பெயர் பெரிதாக இருக்கிறது, வேலை எளிது. என்ன சட்டம் மீறப்பட்டது, என்ன தண்டனை என்று கேட்பதற்கு முன்னால், யாருக்கு என்ன நஷ்டம், அதை யார் எப்படிச் சரிக்கட்டுவது என்று கேட்கிறார்கள்.

பலன் உண்டா என்றால், உண்டு, மந்திரம் அல்ல. இங்கிலாந்தில் அரசாங்கமே பணம் கொடுத்து நடத்திய மூன்று திட்டங்களை ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் ஜோவன்னா ஷாப்லாந்து குழு பல ஆண்டுகள் ஆராய்ந்தது. நேரில் சந்தித்த பாதிக்கப்பட்டவர்களில் 85 சதவீதம் பேர் திருப்தி என்றார்கள். குற்றம் செய்தவர்கள் மறுபடி தண்டனை பெறுவது 14 சதவீதம் குறைந்தது. நூற்றுக்குப் பதினான்கு என்பது, சொட்டுநீர் போட்டால் நாலு மடங்கு விளையும் என்று விளம்பரம் செய்கிறவர்களின் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியலாம். நல்ல விதை மாற்றினால் கிடைக்கிற கூடுதல் விளைச்சலோடு ஒப்பிடுகிறவருக்கு அது சின்னது அல்ல.

எல்மைராப் பையன்களில் ஒருவர், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, வயதான காலத்தில் கல்லூரியில் சட்டம் சம்பந்தமான படிப்பில் சேர்ந்தார். பாடத்தில் "எல்மைரா வழக்கு" என்று வந்தபோதுதான், உலகம் பேசுகிற அந்த வழக்கு தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்தது. அதன் பிறகு தானே முன்வந்து ஊருக்குச் சொல்லி, கிச்னர் சமரச அமைப்பில் தொண்டராக வேலை பார்த்தார்.

இனி நம் ஊர். இதைத்தானே நம் பெரியவர்கள் ஆலமரத்தடியில் செய்தார்கள் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆலமரத்தடியில் உட்கார்ந்தவர்கள் யார், நின்றவர்கள் யார், பேசவே விடாமல் இருந்தவர்கள் யார் என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். கட்டப் பஞ்சாயத்தில் தீர்ப்பு சொல்கிறவர் நடுவில் இருக்கிறார். சமரசத்தில் நடுவில் இருக்கிறவருக்குத் தீர்ப்பு சொல்லும் வேலையே கிடையாது; இரண்டு பக்கமும் பேசி முடியும்வரை சண்டை வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. பறிகொடுத்தவர் வர மாட்டேன் என்றால் சந்திப்பு இல்லை. செய்தவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும் இல்லை. அப்போது நீதிமன்றம்தான் வழி. ஒப்பாதவனை மிரட்டி ஒப்ப வைப்பது இந்த முறையில் சேராது.

2011 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில், சாதியின் பெயரால் நடக்கும் கட்டப் பஞ்சாயத்துகள் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொல்லியிருக்கிறது. வாசகி தன் கடிதத்தில், பையன் வீடு "வேற தெரு" என்று ஒரே வார்த்தையில் எழுதியிருக்கிறார். அதற்கு என்ன பொருள் என்று கிராமத்தில் இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டாம். அந்தக் குடும்பம் பட்டியல் சாதியாக இருந்து, வேறு சாதிக்காரர்கள் ஊர் முன்னால் அவர்களைக் காலில் விழ வைத்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். கேபிள் திருட்டைவிட அது பெரிய வழக்கு. நோம்பிக்குப் பணம் வசூலிக்க வந்தவர்கள் அப்புறம் ஜாமீனுக்கு அலைவார்கள். அந்த யோசனையை வாசகி இப்போதே தள்ளிவிட்டது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. திருட்டு அதில் 303-வது பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் திருடு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, ஒருவர் முதல் தடவையாகக் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டு, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான். கூலியில்லாமல் ஊருக்குப் பயன்படும் வேலையை நீதிமன்றம் சொல்லும், அதைச் செய்ய வேண்டும். சிறைக்குப் போய் நாலு கெட்டிக்காரத் திருடர்களோடு பழகி வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

விவசாயிக்கு இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. 5,000-க்குக் குறைந்த இந்தத் திருட்டில், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக வழக்குப் பதிந்து விசாரிக்க முடியாது. "4,200 ரூபாய் கேபிளுக்கு எஃப்.ஐ.ஆர். போட முடியாதும்மா" என்று ஸ்டேஷனில் சொன்னால், அது முழுக்கத் தட்டிக்கழிப்பு அல்ல. அப்போதும் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் எந்த வழியில் போனாலும் அந்தச் சீட்டு வேண்டும்.

சட்டம் பார்ப்பது கேபிளின் 4,200 ரூபாயை. காய்ந்த தக்காளி அந்தக் கணக்கில் வராது. வாசகி கேட்ட கேள்விக்கு நீதிமன்றத் தண்டனையில் நேரான பதில் இல்லாமல் போவது இதனால்தான். சமரசத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

திருட்டு, சாதாரண அடிதடி, தனியாருக்கு மட்டும் நஷ்டம் உண்டாக்கிய சேதம், அத்துமீறி நுழைதல் போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவரே முன்வந்து சமாதானம் செய்துகொள்ளலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320-வது பிரிவு. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359-வது பிரிவு. வழக்கு நடக்கும்போது அப்படிச் சமாதானம் ஆனால், சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். சமூக சேவைத் தண்டனையில் குற்றவாளி என்ற தீர்ப்பு இருக்கும். சமாதானத்தில் அது இருக்காது. 19 வயதுப் பையன் நாளைக்கு ஒரு வேலைக்கு மனுப் போடும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

ஆனால் எல்லாத் திருட்டும் இதில் வராது. வீட்டுக்குள்ளோ, பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குள்ளோ நடந்த திருட்டு 305-வது பிரிவில் போகும். அதற்குச் சமாதானம் கிடையாது. தோப்பில் கீழே கிடந்த தேங்காயை எடுத்தால் ஒரு பிரிவு, குடோனிலிருந்து மூட்டையைத் தூக்கினால் வேறு பிரிவு. வாசகியின் கேபிள் திறந்த வெளியில் அறுக்கப்பட்டது. பூட்டிய மோட்டார் ரூமுக்குள் இருந்த ஸ்டார்ட்டரைக் கழற்றிக்கொண்டு போயிருந்தால் கதை மாறியிருக்கும். ஆகவே புகாரில் எந்த இடத்திலிருந்து எது போனது என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். கோபத்தில் "ரூமை உடைத்துத் திருடினான்" என்று ஒரு வரி சேர்த்து எழுதிவிட்டால், பிறகு சமாதானமாகப் போக நினைத்தாலும் வழி அடைபடும்.

இன்னொரு எச்சரிக்கை. குற்றத்தை மறைப்பதற்காகப் பணம் வாங்குவது தனிக் குற்றம். சமாதானம் செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுத்த குற்றங்களுக்குத்தான் அதில் விலக்கு. ஊரில் யாரோ பேசி முடித்தார்கள் என்பதைவிட, முறையான இடத்தில் எழுத்தில் முடிப்பது வாசகிக்கே பாதுகாப்பு.

அந்த இடம் ரொம்பத் தூரத்தில் இல்லை. தாலுகா நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு அலுவலகம் இருக்கிறது. 1987-ம் ஆண்டு சட்டத்தின்படி ஏற்பட்ட அமைப்பு. மக்கள் நீதிமன்றம் நடத்துவது இவர்கள்தான். வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பி இரண்டு பேரையும் அழைப்பார்கள். கட்டணம் கிடையாது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. அதாவது இந்த விஷயத்தில் வாசகிக்கும் உண்டு, பையன் வீட்டுக்கும் இருக்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது, அதனால் கையெழுத்துப் போடுமுன் நிதானமாகப் படிக்க வேண்டும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். மக்கள் நீதிமன்ற நாளில் கூட்டம் அதிகம். ஒரு வழக்குக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. எல்மைராவில் நடந்தது போலப் பையன் வாசகியின் முகத்தைப் பார்த்துப் பேசும் நேரம் அங்கே கிடைக்காது. தொகை பேசி, கையெழுத்து வாங்கி, அடுத்த வழக்கு. அதனால் முன்னேற்பாடு முக்கியம். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக, யாருக்கும் கடன்படாத ஒருவர், உதாரணமாக ஓய்வுபெற்ற ஆசிரியையோ குழுவின் சட்டத் தன்னார்வலரோ, முதலில் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பார்க்கட்டும். வாசகிக்கு என்ன கேட்க வேண்டும்? "நம்ம வீட்டில் சாப்பிட்டவன், ஏன்டா என் தோட்டம்?" என்பதாக இருக்கலாம். "இனி ராத்திரி நான் தூங்கலாமா?" என்பதாகவும் இருக்கலாம். அதைக் கேட்கவும், பதில் சொல்லவும் அரைமணி நேரம் தேவை. ஊர்க் கூட்டம் தேவையில்லை. பையனோடு அவன் அம்மா வரலாம். அந்த அம்மா அடுத்த வாரமும் காய் பறிக்க வர வேண்டியவர். கூலிக்காரியின் மகன் என்பதால் வாயடைத்து நிற்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டியது நடுவில் இருக்கிறவரின் பொறுப்பு.

இனி தக்காளிக் கணக்கு. கோபத்தில் போடும் கணக்கு எப்போதும் இரண்டு மடங்காக இருக்கும். 120 பெட்டி குறைந்தது, பெட்டி 250 ரூபாய், ஆக 30,000 என்று வாசகி எழுதியிருக்கிறார். பெட்டி 250-க்கு விற்றாலும் பறிகூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் எல்லாம் போகக் கையில் நிற்பது 170 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20,400-தான் நஷ்டம். பறிக்காத காய்க்குப் பறிகூலி கேட்க முடியாது. அது மட்டுமல்ல, கத்திரி வெயிலில் தண்ணீர் நன்றாகப் பாய்ந்த தக்காளியிலும் பூ கொட்டத்தான் செய்யும். அந்தப் பங்கைப் பையன்கள் தலையில் ஏற்றக் கூடாது. பக்கத்தில் அதே வாரத்தில் நட்ட தோட்டத்தில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் உண்மை தெரியும். மண்டிப் பட்டியல் கைவசம் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிக் கழிக்கலாம். கேபிள் பில், எலக்ட்ரீஷியன் கூலி, வாடிய செடியின் போட்டோ எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைக்கவும். எல்மைராவில் காப்பீடு கொடுத்த பாதியைப் பையன்களிடம் மறுபடி கேட்கவில்லை என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

தொகை முடிவானதும் அது கொடுக்கக்கூடிய தொகையா என்று பார்க்க வேண்டும். கூலி வேலை பார்க்கும் 19 வயதுப் பையனிடம் ஒரே தடவையில் கேட்டால், அவன் அப்பா கந்து வட்டிக்கு வாங்கித்தான் கொடுப்பார். பையனுக்கு வலிக்காது, குடும்பம் மூழ்கும். மாதம் இவ்வளவு, எந்தத் தேதி, எத்தனை மாதம் என்று எழுதி, கொடுக்கும்போதெல்லாம் ரசீது. பணத்தைப் பையனே கொண்டுவந்து கொடுப்பது நல்லது, அப்பா கையில் கொடுத்து அனுப்புவது அல்ல.

"பணம் வேண்டாம், தோட்டத்தில் வேலை செய்து கழிக்கட்டும்" என்று சிலர் சொல்வார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். இதில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். கடனுக்காக ஒருவரை வேலையில் கட்டிப்போடுவது 1976-ம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். புதுக் கேபிளுக்குப் பள்ளம் எடுத்துப் புதைப்பது, அறுத்த சொட்டுநீர்க் குழாயைச் சரிசெய்வது போல, கேடு செய்ததை நேராக்குகிற இரண்டு மூன்று நாள் வேலையாக, பையனே சம்மதித்துச் சொன்னதாக, ஊரில் நடக்கும் கூலிக் கணக்கில் எழுதப்பட்டதாக இருந்தால் சரி. "கடன் தீரும்வரை" என்ற வார்த்தை ஒப்பந்தத்தில் எங்கேயும் வரக் கூடாது.

பெண்கள் மீதான பாலியல் கொடுமை, வீட்டுக்குள் அடி உதை, சாதி வன்கொடுமை ஆகியவற்றை இந்தச் சமரசத்துக்குக் கொண்டுவரவே கூடாது. அங்கெல்லாம் "உட்கார்ந்து பேசுங்கள்" என்பது அடிபட்டவரை மறுபடி அடிப்பதுதான். தன்னை ஊர் பார்க்கும், மறுத்தால் தண்ணீர் விடமாட்டார்கள் என்ற பயத்தில் ஒருவர் தலையாட்டுகிறார் என்று தெரிந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இதே விஷயத்தைத் தொட்டு வந்த இன்னும் இரண்டு கேள்விகள்.

தேனிப் பக்கத்து வாசகர் ஒருவரின் திராட்சைத் தோட்டத்தில் பழம் பறித்து, பந்தல் கம்பியையும் அறுத்தவனுக்கு வயது 16. போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்கிறார். இழுத்துக்கொண்டு போவது கூடாது, அடிப்பதும் கூடாது. 18 வயதுக்குக் கீழே என்றால் 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். அறிவுரை சொல்லி அனுப்புவது, ஆலோசனை, சமூக சேவை என்று அந்தக் குழுமத்தின் கையில் பல வழிகள் உண்டு. அவன் பெற்றோரை வைத்துப் பேசி நஷ்டத்தை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. கம்பி கட்டும் வேலைக்குப் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அவனை வரச் சொல்வதுதான் தவறு.

கரூரிலிருந்து வந்த கடிதம் சுருக்கமானது: "திருடிய பையன்களைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்களே, வாங்கிய கடைக்காரர்?" நல்ல கேள்வி. உடுமலை வாசகிக்கும் இது உதவும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. ராத்திரி அறுத்த கேபிளைக் காலையில் 19 வயதுப் பையன்கள் உருக்கிய செம்பாகக் கொண்டுவரும்போது, அது அவர்கள் வீட்டுச் சொத்து என்று எந்தக் கடைக்காரரும் நம்பியிருக்க மாட்டார். இந்தக் குற்றத்திலும் பொருளுக்கு உரியவர் சமாதானம் செய்துகொள்ளலாம். ஆகவே வட்ட சட்டப்பணிகள் குழுவுக்குக் கொடுக்கும் மனுவில் பையன்கள் பெயரோடு கடையின் பெயரையும் சேர்த்து எழுதலாம். 900 ரூபாய்க்கு வாங்கியவர் அதே செம்பை எவ்வளவுக்கு விற்றார் என்று அங்கே கேட்கட்டும். நஷ்ட ஈட்டில் அவர் பங்கையும் அப்போதே பேசி, தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.